முப்பதைத் தாண்டியவருக்குக் கராத்தே: எந்தப் பிரிவு, எந்த வகுப்பு?

கராத்தேக்குள் இத்தனை பிரிவுகள் உண்டு என்பதே பலருக்குச் சேரப் போகும்போதுதான் தெரிய வருகிறது. ஒரு பலகையில் ஷோட்டோகான் என்று இருக்கிறது, இன்னொன்றில் கோஜு ரியூ, மற்றொன்றில் கியோகுஷின். சிறுவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் பெற்றோர் சேர்த்துவிடுவார்கள். முப்பதையோ நாற்பதையோ தாண்டியவர்தான் வீடியோக்களைப் பார்த்து, விவாதங்களைப் படித்து, எது 'உண்மையான' கராத்தே என்ற சண்டைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார். அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு கிடையாது. கிடைத்தாலும் புதிதாகச் சேர்பவருக்கு அதனால் பயன் இல்லை.

பிரிவு முக்கியமே இல்லை, ஆசிரியர்தான் எல்லாம் என்று சொல்லிவிடுவதும் வழக்கம். இது பாதி உண்மை. பதினைந்து வயதுக்காரருக்கு அது முழு உண்மையாகவே இருக்கலாம். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போனவருக்கும், மாடிப்படி இறங்கும்போது முழங்காலை நினைத்துக்கொள்பவருக்கும், முகத்தில் காயத்தோடு மறுநாள் வேலைக்குப் போக முடியாதவருக்கும் பிரிவு ஒரு விதத்தில் முக்கியம். ஒவ்வொரு பிரிவும் உடலின் வெவ்வேறு இடத்தில் சுமையை வைக்கிறது. அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். பரம்பரைப் பெருமை, போட்டிப் பதக்கம், திரைப்படப் புகழ் ஆகியவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

முதல் ஆண்டில் கற்பது

பிரிவுகள் எவ்வளவு வேறுபட்டாலும் வகுப்பின் எலும்புக்கூடு ஒன்றுதான். கிஹோன் எனப்படும் அடிப்படைக் குத்து, உதை, தடுப்புகள் முதலில் வரும். அவற்றைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்துத் தனியாகச் செய்யும் கட்டா அடுத்தது. எதிரில் ஆளை நிறுத்திச் செய்யும் குமித்தே மூன்றாவது. புதியவரின் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் முதலாவதிலேயே கழியும்.

கட்டாக்களிலும் தொடக்கப் பாடம் பல பிரிவுகளுக்குப் பொது. கராத்தே பிறந்த ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுசென்றவர் இதோசு அங்கோ. மாணவர்களுக்காக அவர் வகுத்த ஐந்து பினான் கட்டாக்களே இன்றும் ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ, கியோகுஷின் மூன்றிலும் தொடக்கநிலையில் இருக்கின்றன. ஷோட்டோகானில் அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர். கோஜு ரியூ மட்டும் விலகி நிற்கிறது. அங்கே அதை உருவாக்கிய மியாகி சோஜுன் 1940இல் தொடக்கநிலையினருக்காக அமைத்த கெக்கிசாய் கட்டாக்களில் பாடம் ஆரம்பிக்கிறது. ஆக, பெரியவர்கள் வேர்க்க விறுவிறுக்கச் செய்வது, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் கற்பதற்கென்று அமைந்த பாடத்தைத்தான். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. ஆனால் நாற்பது வயது இடுப்பை மனத்தில் வைத்து யாரும் அதை வடிவமைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 'எனக்கு மட்டும் ஏன் வரவில்லை' என்ற எரிச்சல் பாதியாகக் குறையும்.

ஷோட்டோகான்

உலகில் மிகப் பரவலாகக் கிடைப்பது இதுதான் என்பதால் பலருடைய தேடல் இங்கேயே முடிந்துவிடும். ஒகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டி, பிறகு அங்கேயே தங்கிக் கற்பித்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய பழைய படங்களில் நிற்கும் நிலை உயரமாகவும் இயல்பாகவும் இருக்கும். நீண்டு தாழ்ந்த நிலைகள் அவருடைய மகன் யோஷிதாகாவின் செல்வாக்கில் வளர்ந்தவை. 1949இல் தொடங்கிய ஜப்பான் கராத்தே சங்கம் பின்னாளில் அந்த வடிவத்தையே உலகெங்கும் கொண்டுசென்றது.

வயது வந்தவர்களுக்குச் சிக்கல் இந்தத் தாழ்ந்த நிலைகளில்தான். முன்காலை வெகுதூரம் நீட்டி, முழங்காலை மடக்கி, பின்காலை நேராக நிறுத்தும் நிலை ஷோட்டோகானின் அடையாளம். அதில் நின்று பார்த்தால் தொடை எரியும். எரியட்டும், அது தசை, நாலு வாரத்தில் பழகிவிடும். தசையைப் போல மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் வேகமாகப் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான், 'இப்போது வந்துவிட்டது' என்று தோன்றும் இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான், முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. முன்கால் முழங்கால் பாதத்தின் திசையை விட்டு உள்பக்கம் சரிவதும், சுழன்று உதைக்கும்போது தரையில் ஊன்றிய பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்புவதும் இரண்டு பெரிய காரணங்கள். இரண்டையும் கண்ணுள்ள ஆசிரியர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

அதனால் ஷோட்டோகானைப் பொறுத்தவரை என் கேள்வி ஒன்றுதான். 'இன்னும் கீழே, இன்னும் கீழே' என்று எல்லோரையும் ஒரே உயரத்துக்கு அமுக்குகிறாரா, அல்லது 'உங்களுக்கு இந்த உயரம் போதும், முழங்கால் பாதத்தைப் பார்க்கட்டும்' என்கிறாரா? இரண்டாமவர் கிடைத்தால் ஷோட்டோகான் பெரியவர்களுக்கு அருமையான பள்ளி. எது சரி எது தவறு என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பாடத்திட்டம் சீராக இருக்கும். வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலும் அதே இருபத்தாறு கட்டாக்களை அங்கேயும் தொடரலாம். ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு முன்னேற விரும்பும் மனம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. முதலாமவர் மட்டுமே கிடைத்தால் பிரிவின் பெயர் உங்கள் முழங்காலைக் காப்பாற்றாது.

கோஜு ரியூ

மியாகி சோஜுன் உருவாக்கிய இந்தப் பிரிவு நெருங்கி நின்று செய்யும் சண்டைக்கானது. நிலைகள் குறுகியவை. அவற்றில் முதன்மையான சான்சின் நிலையில் கால்கள் தோள் அகலத்திலேயே இருக்கும், பாதங்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்கும். உதைகளில் பெரும்பாலானவை இடுப்புக்குக் கீழே. தலை உயரத்துக்குக் கால் போகவில்லையே என்று கவலைப்படும் நாற்பது வயதுக்காரருக்கு அங்கே அந்தக் கவலையே எழாது. மரபான கட்டாக்கள் பன்னிரண்டுதான் என்பதால் மனப்பாடச் சுமையும் குறைவு.

சுமை வேறு இடத்தில் இருக்கிறது. சான்சின் கட்டா முழுவதும் உடலை இறுக்கி, மூச்சை ஓசையோடு இழுத்து விட்டு மெதுவாகச் செய்ய வேண்டியது. சரியாகக் கற்றவர் இறுக்கத்தின் நடுவிலும் மூச்சை ஓட விடுவார். அரைகுறையாகக் கற்றவர் மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவக்க முக்குவார். அப்படி முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை. மருத்துவரிடம் பேசிவிட்டு, ஆசிரியரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று தோளைத் தட்டுபவரை விட்டு விலகிவிடலாம்.

இன்னொரு விஷயம், கல் பூட்டிய மரக்கைப்பிடி, விரல்களால் வாயைப் பிடித்துத் தூக்கும் மண்ஜாடி போன்ற பழைய கருவிகளைக் கொண்டு செய்யும் பயிற்சி. மரபைப் பேணும் கோஜு ரியூ கூடங்களில் இவை இன்றும் இருக்கின்றன. மணிக்கட்டும் முன்கையும் தோளும் படிப்படியாக வலுப்பெறும். தட்டச்சு செய்தே பலவீனமான கைகளுக்கு இது நல்லது என்பேன். ஆனால் கோஜு ரியூவில் முன்னேற்றம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆறு மாதம் கழித்தும் முன்பு செய்ததையே செய்துகொண்டிருப்பது போல இருக்கும். வேகமும் வீச்சும் வேண்டும் என்று வருபவர் அலுத்துப் போய்விடுவார். இதே குடும்பச் சாயல் கொண்ட இன்னொரு ஒகினாவாப் பிரிவு உயேச்சி ரியூ. அங்கும் சான்சின்தான் அடித்தளம். அருகில் கிடைத்தால் இதே காரணங்களுக்காக அதையும் பார்க்கலாம்.

வாடோ ரியூ, ஷிட்டோ ரியூ

வாடோ ரியூவை உருவாக்கிய ஓட்சுகா ஹிரோனோரி, 1922இல் ஃபுனாகோஷியிடம் கராத்தே கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பது. முப்பதில் ஆரம்பித்தால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு இவரைக் காட்டலாம் என்றாலும் அது முழு நேர்மையாகாது. சிறுவயதிலிருந்தே ஜப்பானின் பழைய மல்லுப்பிடிக் கலையான ஜுஜுட்சு பயின்று, அதன் ஒரு பிரிவான ஷிண்டோ யோஷின் ரியூவில் தேர்ந்தவர் அவர். அந்த அனுபவம்தான் வாடோவின் குணத்தைத் தீர்மானித்தது. அடியை முட்டித் தடுப்பதைவிட உடலைச் சற்றே திருப்பி அதன் பாதையிலிருந்து விலகுவதும், விலகும்போதே தாக்குவதும் இங்கே முக்கியம். நிலைகள் உயரமானவை, கால் மாற்றம் சுலபம். கைகால்களை மோதி மோதி இறுக வைக்கும் பயிற்சிக்கு முக்கியத்துவம் குறைவு.

காகிதத்தில் பார்த்தால் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பொருந்துவது இதுதான். நடைமுறையில் இரண்டு தடைகள். பல ஊர்களில் வாடோ வகுப்பு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், அந்த நுட்பமான விலகல் நல்ல ஜோடி இல்லாமல் கைவராது. எதிரில் நிற்பவர் உண்மையாகக் குத்த வேண்டும், தூரம் சரியாக இருக்க வேண்டும். இருவருமே புதியவர்கள் என்றால் இருவரும் காற்றில் அபிநயம் பிடிப்பதோடு முடிந்துவிடும். ஆகவே வாடோ வகுப்பில் நான் எண்ணிப் பார்ப்பது மூத்த மாணவர்களை. அவர்கள் போதுமான அளவில் இருந்து, புதியவர்களோடு ஜோடி சேர்ந்தும் பயிற்சி செய்தால் தயங்காமல் சேரலாம்.

ஷிட்டோ ரியூவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மபுனி கென்வா தம் இரு ஆசான்களான இதோசு அங்கோ, ஹிகாவொன்னா கான்ரியோ ஆகியோரின் இருவேறு மரபுகளையும் ஒன்றாகத் தொகுத்ததால், ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டாக்கள் கொண்ட பெரிய சேகரம் இது. கட்டாவில் மனம் தோய்பவருக்கு விருந்து. நிலைகள் ஷோட்டோகான் அளவுக்குத் தாழ்ந்தவை அல்ல. கட்டா என்றாலே கொட்டாவி வருபவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கியோகுஷின்: அடி வாங்கும் கேள்வி

இதுவரை சொன்ன நான்கும் ஒரு பக்கம், கியோகுஷின் மறுபக்கம். ஷோட்டோகான், கோஜு ரியூ இரண்டையும் கற்ற ஓயாமா மசுதாட்சு 1964இல் அமைப்பாக நிறுவிய இந்தப் பிரிவில் குமித்தே முழு வலுவோடு நடக்கும். உடலில் குத்தலாம், தொடையில் உதைக்கலாம், காலால் தலையிலும் உதைக்கலாம். கையால் முகத்தில் குத்தக் கூடாது. எதிராளியைக் கீழே விழ வைப்பதும் செயலிழக்க வைப்பதுமே இலக்கு.

மற்ற நான்கிலும் போட்டிக் குமித்தே பெரும்பாலும் கட்டுப்பாட்டின் மேல் நிற்கிறது. உலக கராத்தே கூட்டமைப்பின் விதிகளில் குத்துக்கு ஒரு புள்ளி, உடலில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்குப் போகும் உதைக்கு மூன்று. ஆனால் அந்த உதை எதிராளியைச் சாய்த்துவிடக் கூடாது. தோக்கியோ ஒலிம்பிக்கில் இதை உலகமே பார்த்தது. 2021 ஆகஸ்டில் நடந்த ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதியாட்டத்தில் முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தாரெக் ஹமீதியின் உதை தலையில் விழுந்து, ஈரானின் சஜாத் கஞ்ச்ஜாதே நினைவிழந்து சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டவருக்குத் தங்கம், உதைத்தவருக்குத் தகுதிநீக்கத்தோடு வெள்ளி. கராத்தே தெரியாத பலர் சிரித்தார்கள். விதி தெரிந்தவர்களுக்கு அதில் புதிர் எதுவும் இல்லை. அளவை மீறி அடித்தவர் தோற்றார், அவ்வளவுதான்.

சிரித்தவர்களின் பக்கம் நிற்பவரா, விதியின் பக்கம் நிற்பவரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். 'அடிக்கவே கூடாது என்றால் அது என்ன சண்டைக் கலை' என்று மனம் முணுமுணுத்தால், கட்டுப்பாட்டுக் குமித்தே உங்களுக்கு நெடுநாள் திருப்தி தராது. நாளை காலை அலுவலகக் கூட்டம் இருக்கிறது, விரல் முறிந்தால் மாத வருமானம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த விதியே பாதுகாப்பு.

கியோகுஷினில் ஒரு நேர்மை உண்டு. உங்கள் குத்து வேலை செய்ததா என்பதை எதிராளியின் முகமே சொல்லிவிடும். ஆசிரியரின் பாராட்டு தேவையில்லை. உடல் வலுவும் மற்ற பிரிவுகளைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் ஏறாமல் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. பதிலுக்குத் தொடையில் நீலம் பாரித்த காயமும், விலா வலியும், கணைக்கால் எலும்பில் அடியும் வாடிக்கை. முகத்தில் குத்து கிடையாது என்பதால் கைகளைத் தாழ்த்தி வைத்து மார்போடு மார்பு நெருங்கி நிற்கும் பழக்கம் படிந்துவிடும். தெருவில் அது ஆபத்து. 'முழு வலுச் சண்டை, ஆகவே தற்காப்புக்கு இதுதான் சிறந்தது' என்பவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாற்பதுக்கு மேல் கியோகுஷினில் தொடங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வயதுக்கேற்ப வலுவைக் குறைத்து, கால் காப்புகளும் நெஞ்சுக் காப்பும் அணிய வைத்து, முதல் சில மாதங்கள் குமித்தேயில் இறக்காமலே வைத்திருக்கும் கூடங்கள் உண்டு. சேரும் முன் கேட்க வேண்டியது இதுதான்: புதியவர் எப்போது முதல் முறையாகக் குமித்தேயில் நிற்பார், யாரோடு நிற்பார்? 'வந்த வாரமே, யாரோடு வேண்டுமானாலும்' என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சிறுவர்களோடா, பெரியவர்களோடா?

பிரிவைவிட இது கனமான கேள்வி என்பது என் எண்ணம். பல கூடங்கள் சிறுவர் வகுப்பால்தான் நடக்கின்றன. கட்டணமும் அங்கிருந்துதான் வருகிறது, ஆசிரியரின் பழக்கங்களும் அங்கேதான் உருவாகின்றன. பெரியவர் ஒருவர் சேர வந்தால் பின்வரிசையில் நிறுத்திவிடுவார்கள். முன்னால் எட்டு வயதுப் பச்சை பெல்ட் உங்களைவிட அழகாக உதைக்கும். அந்தக் கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விடும், அது பெரிய விஷயமில்லை. உண்மையான சிக்கல் உடலுக்கானது. சிறுவர்களுக்கு ஏற்ற வேகமும் திடீர்க் குதிப்புகளும் கொண்ட வகுப்பு அது, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் உடற்சூடேற்றம் அவர்களுக்குப் போதும். பெரியவருக்கு இடுப்பையும் கணுக்காலையும் தோளையும் தளர்த்த அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் வேண்டும். அதோடு, உங்களுக்கு ஏற்ற உயரமும் எடையும் உள்ள ஜோடி கிடைக்காது. பத்து வயதுப் பிள்ளையோடு குமித்தே செய்து இருவருமே எதுவும் கற்க முடியாது.

பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு இருந்தால், பிரிவு உங்கள் முதல் விருப்பமாக இல்லாவிட்டாலும் அதையே தேர்ந்தெடுங்கள். ஐந்து பேர் மட்டுமே வருகிறார்கள் என்றாலும் சரி. கலந்த வகுப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், பெரியவர்கள் குறைந்தது இருவராவது தொடர்ந்து வருகிறார்களா என்று பாருங்கள், உடற்சூடேற்றத்தை நீங்களே முன்கூட்டி வந்து செய்துகொள்ள இடம் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.

போட்டிக்குத் தயார் செய்யும் கூடமா, மரபைப் பேணும் கூடமா என்ற கேள்வி முப்பதைத் தாண்டிய புதியவரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பதக்கத்தை நோக்கி ஓடும் கூடத்தில் ஆசிரியரின் கண் பதினாறு வயது வீரர்கள் மேலேயே இருக்கும், அதைக் குற்றமும் சொல்ல முடியாது. தோக்கியோவுக்குப் பிறகு பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை என்பதும் இந்த ஓட்டத்தின் வேகத்தை எல்லா இடங்களிலும் ஒரேபோலக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

வீடியோ பார்த்து வீட்டிலேயே கற்கும் வழியையும் சிலர் கேட்கிறார்கள். வகுப்பில் கற்றதை வீட்டில் திரும்பச் செய்யவும், கட்டாவின் வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளவும் வீடியோ நல்ல துணை. தொடக்கமே அதிலிருந்து என்றால் முழங்கால் உள்ளே சரிவதையும் தோள் தூக்கிக்கொள்வதையும் யார் சொல்வார்கள்? தவறான அசைவு ஆயிரம் முறை செய்தபின் திருத்தக் கடினமாகிவிடும். தனிப்பட்ட பயிற்சிக்கு ஆசிரியரை அமர்த்திக்கொள்வது இதைவிட நல்ல வழி, ஆனால் அதிலும் ஜோடி கிடைக்காது. முதல் மாதம் மட்டும் தனியாகக் கற்று, பிறகு குழுவில் சேர்வதுதான் தனிப்பயிற்சியின் சரியான பயன்.

பெல்ட் பற்றிப் பேசும் விதத்தைக் கவனியுங்கள்

கராத்தேயின் பெல்ட் முறை ஜூடோவிலிருந்து வந்தது. கானோ ஜிகோரோ ஜூடோவுக்கு வகுத்த படிநிலைகளைப் பின்பற்றி ஃபுனாகோஷி முதல் பிளாக் பெல்ட்டுகளை வழங்கியது 1924இல். இரண்டே ஆண்டுகளுக்கு முன் தம்மிடம் சேர்ந்த ஓட்சுகாவும் அந்த முதல் வரிசையில் ஒருவர். அதைப் பார்த்து இன்று இரண்டு ஆண்டில் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வாரம் இரண்டு மூன்று வகுப்புகளுக்குத் தவறாமல் போகும் பெரியவருக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. சில கூடங்களில் அதைவிடக் கூடும்.

சேரும் நாளிலேயே 'இத்தனை மாதத்தில் பிளாக் பெல்ட்' என்று உறுதி தருபவரும், ஒவ்வொரு நிறத்துக்கும் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் மழுப்புபவரும், ஆண்டுக்கணக்கில் முன்பணம் கேட்பவரும் எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒன்றுதான். தேர்வில் யாராவது எப்போதாவது தோற்றிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு வரும் முகபாவம் பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

தற்காப்புதான் நோக்கம் என்றால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குள் தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் வேண்டும் என்பவருக்குக் கராத்தேயின் எந்தப் பிரிவும் விரைவான வழியல்ல. அந்தக் கால அளவில் குத்துச்சண்டை கைகளையும் கால்களையும் தலையசைவையும் வேகமாகப் பழக்கிவிடும், ஜூடோ பிடியிலிருந்து விடுபடவும் அடிபடாமல் விழவும் கற்றுத்தரும். கராத்தே மெதுவாகக் காய்ச்சப்படுவது. தூரத்தைக் கணிக்கும் கண், தடுமாறாத நிற்பு, பதற்றத்திலும் மூச்சைச் சீராக ஓட விடத் தெரிவது ஆகியவை ஆண்டுகள் கழித்துத்தான் உருத்திரளும். அந்தக் காத்திருப்பே பிடித்திருக்கிறது என்பவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

எனவே, என் வரிசை

முழங்காலிலோ இடுப்பிலோ ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர் கோஜு ரியூவை முதலில் தேடட்டும். நல்ல மூத்த மாணவர்கள் உள்ள வாடோ வகுப்பு கிடைத்தால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர் இந்த இரண்டில் வாடோவை முன்னே வைக்கட்டும். உடலில் குறை ஏதும் இல்லை, தெளிவான படிகளும் ஊர் மாறினாலும் தொடரும் வசதியும் வேண்டும் என்பவருக்கு ஷோட்டோகான். கட்டாவே ஈர்க்கிறது என்பவருக்கு ஷிட்டோ ரியூ. ஏதாவது ஒரு விளையாட்டிலோ உடற்பயிற்சியிலோ ஏற்கெனவே உடல் தேறியிருக்கிறது, அடி வாங்குவதைப் பற்றிப் பயமில்லை, காயத்தோடு வேலைக்குப் போக முடியும் என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் கியோகுஷின். முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கு இந்த நிபந்தனைகளை நான் சற்றுத் தளர்த்துவேன், ஐம்பதைத் தாண்டியவருக்குத் தளர்த்த மாட்டேன்.

இந்த வரிசைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பெரியவராகத் தொடங்கி நாலைந்து ஆண்டுகளாக இன்னும் வந்துகொண்டிருக்கும் மாணவர்கள் அந்தக் கூடத்தில் இருக்கிறார்களா? சிறுவயதில் தொடங்கியவர்களின் அழகான உதையை எந்தக் கூடமும் காட்டிவிடும். முப்பத்தெட்டில் வந்து நாற்பத்து மூன்றிலும் முழங்கால் நலத்தோடு பயிலும் ஒருவரைக் காட்ட முடிந்தால், அந்தக் கூடம் பிரிவு வரிசையில் எங்கே இருந்தாலும் மேலே ஏறிவிடும். வகுப்பு முடிந்தபின் அவரிடமே பேசுங்கள். எங்கே வலித்தது, அப்போது ஆசிரியர் என்ன செய்யச் சொன்னார் என்று கேளுங்கள். மாஸ்டரிடம் அரைமணி நேரம் பேசுவதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் அதிகம் தெரிந்துவிடும்.

ஒரு வகுப்பையாவது உட்கார்ந்து முழுமையாகப் பார்த்த பிறகு, சாத்தியமானால் ஒரு மாதம் மட்டும் பணம் கட்டிச் சேருங்கள். அந்த மாதத்துக்குச் சாதாரண விளையாட்டு உடையே போதும், அதைக்கூட அனுமதிக்காத கூடம் என்றால் எடை குறைந்த எளிய கராத்தே உடை ஒன்று வாங்கினால் போதும். கனத்த துணியில் தைத்த விலையுயர்ந்த உடை கட்டாப் போட்டியாளர்களுக்கானது. குமித்தே தொடங்கும்போது கைக்காப்புக்கும் கால் காப்புக்கும் முன்பாகப் பல்காப்பு வாங்குங்கள். ஆண்கள் இடுப்புக் காப்பையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். வாரம் இரண்டு நாள் போக முடியுமா என்பதை மட்டும் சேரும் முன்பே நேர்மையாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாள் என்றால் ஒவ்வொரு வாரமும் போன வாரத்தை நினைவுபடுத்துவதிலேயே வகுப்பு முடிந்துவிடும். அப்படியானால் மீதி ஒரு நாளை வீட்டில் இருபது நிமிடக் கிஹோனுக்கு ஒதுக்கத் தயாராக இருக்க வேண்டும்.